அட்மிஷன் டூட்டி

மே 9, வெள்ளி

ப்ளஸ் டூ ரிசல்ட் நேற்று வந்தது. இன்று காலை காலேஜ் வாசலில் என் முகம் தொங்குகிறது.

பொய்யில்லை. பஸ் வந்து நிற்கிற இடத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு. ‘கற்பித்தல் தரத்தில் மிக உயர்ந்த மதிப்பீடு பெற்ற கல்லூரி’ என்று மேலே. கீழே நான், கையில் சாக்பீஸோடு, பட்டுப் புடவையில். பிப்ரவரியில் மதிப்பீட்டுக் குழு வந்த அன்று எடுத்த படம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு எவள் ஃபிசிக்ஸ் நடத்துவாள்? அன்றைக்கு எல்லாரும் நடத்தினோம். வாசலில் கோலம், குழுவுக்கு மாலை, லேபில் ஊதுபத்தி வாசம். கல்யாண வீடு கெட்டது போங்கள்.

பிள்ளைகள் வருஷக் கடைசியில் ஆசிரியர்களுக்குப் போடும் மார்க்கில் மூன்று வருஷமாக நான்தான் முதல். அதனால் என் படமாம். கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டுச் சொன்னார். “இனிமே பாருங்க மேடம், இந்த போர்டைப் பார்த்தே பிள்ளைங்க வந்து குவியும்.”

எனக்கு ஒரே வெட்கம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “மூக்கு கொஞ்சம் பெரிசா விழுந்திருக்குமே” என்றார். மனுஷனா இவர்.

கேஸ் புக் பண்ணணும்.

மே 12, திங்கள்

போர்டைப் பார்த்துக் குவிவார்கள் என்றால் எங்களை எதற்கு வெயிலில் விரட்டுகிறார்கள்? கேட்டேன். மனசுக்குள்தான்.

அட்மிஷன் டூட்டி இன்றிலிருந்து. ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், சேர்த்தால்தான் அடுத்த வருஷம் வேலை. வருஷா வருஷம் நடப்பதுதான். சொந்தக்காரப் பிள்ளைகள், தெருப் பிள்ளைகள் எல்லாம் தீர்ந்துபோனதால் இப்போது ஊர் ஊராகப் போகிறோம். எனக்கு ஜோடி மெக்கானிக்கல் எபனேசர் சார். ஏழு வருஷம் என்னோடு வேலை பார்க்கிறவர். போன வருஷம் அவர் டிபார்ட்மென்டில் சேர்ந்ததே விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைகள்தான்.

“மேடம், உங்களுக்கு போர்டு இருக்கு. நான் பின்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டே இருக்கேன், அது போதும்” என்றார் வேனில்.

மே 14, புதன்

இன்று போன வீடுகளில் கேட்ட கேள்விகள்: பஸ் ஏசியா? செல்போன் கொண்டுவர விடுவீர்களா? ஆம்பளைப் பிள்ளைகளும் பொம்பளைப் பிள்ளைகளும் ஒரே படிக்கட்டிலா ஏறுவார்கள்? சாப்பாட்டில் முட்டை உண்டா? ஒரு வீட்டில் அப்பா சுற்றி வளைத்து, எங்கள் கரஸ்பாண்டென்ட் என்ன ஆள்கள் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார். எபனேசர் சார் “நல்ல ஆள்கள்” என்று சொல்லிவிட்டார்.

நான் விடாமல் மதிப்பீட்டைப் பற்றியே பேசினேன். எத்தனை அளவுகோல், அதில் கற்பித்தலுக்கு எத்தனை மார்க், எங்களுக்கு எவ்வளவு என்று. ஒரு அம்மா பாவம், நல்லா தலையாட்டிக் கேட்டது. கடைசியில், “அதெல்லாம் இருக்கட்டும் தாயி, மூணாவது வீட்டு சுமதி அங்கதான படிக்கி? அவ போற பஸ்ஸுலயே எடம் கிடைக்குமா?” என்றது.

கிடைக்கும் என்றேன். சேர்ந்துவிட்டார்கள். முதல் அட்மிஷன்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியலை. என் பாடத்தைப் பார்த்தா, சுமதியைப் பார்த்தா, பஸ்ஸைப் பார்த்தா?

மே 15, வியாழன்

ராத்திரி இவரிடம் கேட்டேன், நீங்கள் எதைப் பார்த்து காலேஜில் சேர்ந்தீர்கள் என்று. “கிரவுண்டு பெரிசா இருந்துச்சு” என்றார்.

யோசித்துப் பார்த்தால் நானும் ஸ்கூலில் கூடப் படித்த கோமதி சேர்ந்தாள் என்று சேர்ந்தவள்தான். ரெண்டு பேருக்கும் பாலாஜி சார் வாத்தியாராக அமைந்தது அதிர்ஷ்டம். அவர் இருக்கிறார் என்று தெரிந்து யார் போனது?

மே 19, திங்கள்

இன்னும் இரண்டு. ஒருத்தி ஹாஸ்டலுக்காக, இன்னொருத்தன் எங்கள் கிரிக்கெட் டீமுக்காக. மதிப்பீடு பற்றி மூச்சு விடலை யாரும். நான் சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

மே 23, வெள்ளி

இன்றைக்குத்தான் ஒருத்தி கேட்டாள்.

கீழச்செங்குளம். அருப்புக்கோட்டையிலிருந்து உள்ளே போகணும். மாவு மில் வைத்திருக்கிற மாரிச்சாமி அண்ணாச்சி மகள், முத்தீஸ்வரி. மில்லிலேயே உட்கார்ந்து பேசினோம், மிளகாய் அரைத்த நெடியில் எபனேசர் சார் தும்மிக்கொண்டே இருந்தார். நான் பஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தேன்.

“மிஸ், போர்டுல இருக்கது நீங்கதான? கற்பித்தலுக்கு மார்க்குன்னு போட்டிருக்கே, அதை எப்பிடிப் போடுவாங்க? க்ளாஸ்ல வந்து உக்காந்து பாப்பாங்களா?”

உட்கார்ந்து பார்த்தார்கள், ஒரு கால் மணி நேரம். மற்றதெல்லாம் நாங்கள் எழுதிக் கொடுத்ததுதான். “பார்ப்பாங்கம்மா” என்றேன்.

“எங்க ஸ்கூல்ல ரெண்டு வருசமா ஃபிசிக்ஸுக்கு ஆளே இல்ல மிஸ். நானா படிச்சேன். மார்க் வந்துருச்சு, ஆனா ஒண்ணும் புரியல. அதான் கேக்கேன். பஸ்ஸு எந்தக் காலேஜுக்கும் இருக்கு.”

அப்பா குறுக்கே வந்தார். “இவ இப்பிடித்தான் டீச்சரம்மா, நோண்டிக்கிட்டே இருப்பா. இந்தா, கரண்டு போனாலும் சக்கரம் ஏன் உடனே நிக்க மாட்டேங்குதுன்னு எங்கிட்டக் கேக்கா. எனக்கு என்ன தெரியும்? நிக்காது, அம்புட்டுத்தான்.”

நான் எழுந்துவிட்டேன். என்னால் உட்கார்ந்திருக்க முடியலை. தராசுப் பக்கத்தில் கிடந்த ரெண்டு எடைக்கல்லை எடுத்து ஒரு கம்பில், கை பிடிக்கிற நடுப்பகுதிக்குப் பக்கத்திலேயே சணலால் கட்டி, திருப்பு என்றேன். சுலபமாகத் திருப்பினாள். அதே கல்லைக் கம்பின் ரெண்டு நுனிக்கும் தள்ளிக் கட்டினேன். இப்ப திருப்பு. திணறினாள். திரும்ப ஆரம்பித்ததும், இப்ப நிறுத்து என்றேன். கம்பு அவளை இழுத்தது.

“அதே கல்லுதான மிஸ்?”

“அதே கல்லுதான்.”

கொஞ்ச நேரம் மில் சக்கரத்தையே பார்த்தாள். அதன் விளிம்பு தடியாக இருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். “அப்ப வேணும்னுதான் ஓரத்துல கனமா செஞ்சிருக்காங்க! ஓட ஆரம்பிச்சா விடாம ஓடணும்னு!” என்று கத்தினாள். மாவு வாங்க வந்த பொம்பளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

தூரத்து ஊரில் ஒரு அரசு காலேஜும் கிடைக்கும் அவள் மார்க்குக்கு. ஆனால் கிளம்பும்போது, “கவுன்சிலிங்ல உங்க காலேஜைத்தான் மொதல்ல போடுவேன் மிஸ்” என்றாள். எபனேசர் சார் வேனில் ஏறியதும், “நாலு ஆச்சு மேடம்” என்றார். ஆமாம், நாலு ஆச்சு.

ஜூன் 3, செவ்வாய்

எபனேசர் சாரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கூடவே ஃபிசிக்ஸில் இரண்டு பேரை. டிசம்பரில், குழு வருவதற்கு முன்னால், இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஆசிரியர் என்று காட்டுவதற்காக அவசரமாகச் சேர்த்தவர்கள் அந்த இரண்டு பேரும். மதிப்பீடு ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ஆள் செல்லவில்லை.

எபனேசர் சார் மேசையைக் காலி பண்ணிக்கொண்டே, “கோச்சுக்காதீங்க மேடம், போர்டை மட்டும் நல்லாப் பாத்துக்குங்க. அது கீழ விழுந்தா காலேஜே இல்லை” என்றார். சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

மாவு அரைத்து வைக்கணும், நாளைக்கு இட்லிக்கு.

ஜூன் 16, திங்கள்

கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டார். “மேடம், ஊர்ல எல்லாருக்கும் உங்க முகம் தெரியுது. இனிமே வருஷம் பூரா அட்மிஷன் ஆபீஸை நீங்கதான் பாக்கணும். ஸ்கூல் ஸ்கூலா போகணும், பேசணும். தனி ரூம், ஏசி.”

“க்ளாஸ்?”

“ஃபிசிக்ஸுக்கு நல்ல வீடியோ வாங்கியிருக்கோம். பெரிய பெரிய ப்ரொஃபசர் எல்லாம் நடத்துறாங்க. பிள்ளைங்களுக்கு அதைவிட என்ன வேணும்? சந்தேகம் கேக்க வாரத்துக்கு ஒரு நாள் வெளியிலிருந்து ஒருத்தர் வருவார்.”

இது உயர்வா, தண்டனையா? இவரிடம் கேட்டேன். நூல் மில்லில் இவருக்கு ஷிப்டைக் குறைத்திருக்கிறார்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “ஏசி ரூம்தானே, வெயில்ல அலைய வேண்டாம்” என்றார், என்னைப் பார்க்காமல்.

நல்லா நடத்துகிறவள் என்று படம் போட்டார்கள். படம் போட்டதால் நடத்த வேண்டாம் என்கிறார்கள். எனக்கு நிஜமாகவே புரியலை. யாராவது கம்பும் கல்லும் வைத்து எனக்குச் சொல்லித் தந்தால் தேவலை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஐந்தாவது அட்மிஷனும் முடிந்தது. புது ரூமுக்கு மாறினேன். கரும்பலகை இல்லை. சுவரில் மீன் படம் போட்ட காலண்டர்.

ஜூலை 8, செவ்வாய்

முத்தீஸ்வரி போன் பண்ணினாள். ப்ரௌசிங் சென்டரில் கவுன்சிலிங் பட்டியலில் காலேஜ் பெயர்களைப் போடுகிறாளாம், இன்னும் ஒன்பது நாள் மாற்றிக்கொள்ளலாமாம். “மிஸ், மொத வருசம் ஃபிசிக்ஸ் நீங்கதான எடுப்பீங்க?”

டைம் டேபிள் இன்னும் போடலைம்மா, என்றேன். அது உண்மைதான், இன்னும் போடலை.

ஜூலை 10, வியாழன்

மறுபடி அவள் கூப்பிட்டபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கை ஈரம். எடுக்கலை.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். வடை நன்றாக இருந்தது. மதிய வெயிலில் வீடு வந்து தூங்கிவிட்டேன். கனவில் அந்தப் பிள்ளை சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருப்பிக் கூப்பிடணும். கூப்பிட்டு என்ன சொல்ல? அவள் விலகினால் எனக்கு ஐந்து நாலாகும். அதற்காக இல்லை. அதற்காக மட்டும் இல்லை. அங்கே அரசு காலேஜில் மட்டும் யார் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியுமா? அங்கும் ஆள் இல்லை என்றால்? தெரியாத ஒன்றை நம்பி ஒரு பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புவதா?

தலை வலிக்கிறது.

ஜூலை 17, வியாழன்

இன்றைக்கு சாயங்காலம் ஐந்து மணியோடு பட்டியல் மூடுகிறது. காலையில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நேரில் சொல்ல இருந்ததா என்றால் அதுவும் இல்லை, ஆனால் பஸ் ஏறிவிட்டால் திரும்ப முடியாது பாருங்கள்.

மில்லில் மூன்று பேரும் இருந்தார்கள், அப்பா, அம்மா, அவள். மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, மூச்சை இழுத்து ஒரேயடியாகச் சொன்னேன். இந்த வருஷம் நான் க்ளாஸ் எடுக்கலை. ஃபிசிக்ஸுக்கு வீடியோதான். என்னை நம்பி அந்தக் காலேஜை முதலில் போடாதே, அரசு காலேஜை மேலே ஏற்று.

மாரிச்சாமி அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. “எம் பிள்ளை வேண்டாம்ங்கீகளா?”

“ஐயோ, அப்படி இல்லண்ணாச்சி.”

“மாவு மில்லுக்காரன் மக உங்க காலேஜுக்கு ஆகாதோ? அன்னைக்கு வீடு தேடி வந்து கூப்பிட்டீக. இப்ப நல்ல எடத்துப் பிள்ளை கிடைச்சிருச்சாக்கும்?”

நான் பதறிப்போய் திரும்பத் திரும்பச் சொன்னேன். கரஸ்பாண்டென்ட் சொன்னது, எபனேசர் சாரை அனுப்பியது, குழு வந்த அன்று பட்டுப் புடவை கட்டியது, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“ஏத்தா, கேட்டியா? இந்தா, நாலு காலேஜுக்காரன் வந்து போயிருக்கான். ஒருத்தனாவது எங்க காலேஜுல இது சரியில்லன்னு சொன்னானா? எல்லாம் காதுல பூ சுத்துனான். இந்தம்மா பஸ் ஏறி வந்து அவுக காலேஜு குறையைச் சொல்லுது. வேலைக்கே உலை வச்சுக்கிட்டு.” என் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, உண்மை பேசுற ஆள் ஒண்ணு இருக்கற எடத்துலதான் பொம்பளப் பிள்ளையை விட முடியும். வேற எங்கயும் விட மாட்டேன்.”

“அண்ணாச்சி, நான் சொன்னது…”

“எல்லாம் விளங்குச்சும்மா. இன்னொரு மோர் குடிங்க.”

முத்தீஸ்வரியைப் பார்த்தேன், நீயாவது சொல்லடி என்று. அவள் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க அங்கதான இருப்பீங்க மிஸ்?” என்றாள் மெதுவாக.

இருப்பேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரிப்பு வந்தது. மதிப்பீட்டைச் சொன்னேன், யாரும் காதில் வாங்கலை. அது பொய் என்று சொன்னேன், சேர்ப்போம் என்கிறார்கள். இதைப் போய் எந்தக் குழுவிடம் சொல்வது?

ஜூலை 30, புதன்

முத்தீஸ்வரிக்கு எங்கள் காலேஜ் வந்துவிட்டது. கரஸ்பாண்டென்ட் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டி சால்வை போட்டார். “போர்டு வேலை செய்யுது பாத்தீங்களா” என்றார். அந்த சால்வையை எங்கே வைத்தேன் என்று தெரியலை.

ஆகஸ்ட் 25, திங்கள்

முதல் வருஷத்துக்கு க்ளாஸ் ஆரம்பம். பெற்றோர் வந்தார்கள். மாரிச்சாமி அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்து, என் ரூம் எங்கே என்று கேட்டுக் கண்டுபிடித்து, ஒரு பை கம்பு மாவு வைத்துவிட்டுப் போனார். கும்பிட்டார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அடுத்த வருஷத்துக்கு இப்போதே பள்ளிக்கூடங்களுக்கு போன் போட ஆரம்பித்தாச்சு. நடுவில் ரெண்டு ரூம் தள்ளி இருக்கிற ஹாலிலிருந்து வீடியோ சத்தம் கேட்கும். நல்ல குரல், நல்ல இங்கிலீஷ். பிள்ளைகள் சத்தம் ஒன்றும் கேட்காது.

சந்தேகம் கேட்க வருகிறவர் இந்த வாரம் வரலை.

செப்டம்பர் 3, புதன்

மதியம் கதவைத் தட்டினாள். கையில் நோட்டு. பின்னால் இரண்டு பிள்ளைகள், உள்ளே வரலாமா வேண்டாமா என்று.

“மிஸ், ஒரு சந்தேகம்.”

“முத்தீஸ்வரி, நான் இப்ப உங்க டீச்சர் இல்லம்மா. ஹெச்ஓடிக்கிட்ட…”

“ஃபிசிக்ஸுக்கு ஹெச்ஓடி யாரு மிஸ்?”

யாரும் இல்லை. அந்த ரெண்டு பேரும் போய், நானும் இங்கே வந்ததில் ஃபிசிக்ஸில் ஆளே இல்லை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

“வீடியோ நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா அது பாட்டுக்குப் போகுது. எனக்கு நடுவுல புரியலன்னா அதுக்குத் தெரிய மாட்டேங்குது. பத்து நாளா பாத்தேன்.” கோபப்படவில்லை அந்தப் பிள்ளை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஸ்கூல்ல ஆளே இல்ல மிஸ், அது வேற. இங்க நீங்க இருக்கீங்க. ரெண்டு ரூம் தள்ளி இருக்கீங்க, அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கல.”

போன் அடித்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். எடுக்கலை.

எழுந்து போய்விட்டேன். ஹாலில் வீடியோவை நிறுத்தினேன். அறுபது தலை திரும்பியது. சாக்பீஸ் கேட்டால் யாரிடமும் இல்லை, ஆபீஸிலிருந்து ஒருத்தன் ஓடிப்போய் வாங்கி வந்தான். எங்கே புரியலை என்றேன். ஆரம்பத்திலிருந்தே என்றான் கடைசி பெஞ்சில் ஒருத்தன். சரி, ஆரம்பத்திலிருந்தே என்றேன். மணி அடித்தது தெரியலை. அடுத்த பீரியடுக்கு வந்த மேத்ஸ் மேடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டது.

என் புடவை முழுக்க சாக்பீஸ் தூள். எத்தனை மாசம் ஆயிற்று!

வெளியே வந்தால் பியூன் நிற்கிறான். யார் அனுமதித்தார்கள் என்று கேட்டு, நாளைக் காலை பதினொரு மணிக்கு கரஸ்பாண்டென்ட் தன் ரூமுக்கு வரச் சொன்னாராம். கடுகடுன்னு சொன்னார் மேடம் என்றான். இந்தத் தடவை சால்வைக்கு இல்லை.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், “பதினொண்ணுக்கு முன்னாடி உனக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

ஒன்பதே காலுக்கு முதல் பீரியட், அந்தப் பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ். அதை எடுத்துவிட்டுத்தான் போவேன்.